பொறுக்காமல்

வெள்ளவத்தை
4 மார்ச் 2024

அன்புள்ள பர்ஹா,

போனில் சொன்னால் சிரித்துச் சமாளித்துவிடுவாய். அதனால்தான் உன் வெறும் பைகளோடு இந்தக் கடிதமும் வருகிறது.

மூன்று மலைக்காட்டு மரமஞ்சளை மூன்று பையில் கேட்டேன். காட்டுக்குக் காடு அந்தக் கொடியின் பரம்பரையும் மருந்துச் சத்தும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. நானே போகலாமென்றால், அனுமதி ஒரு வருடமாக எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. உன் புறக்கோட்டை மருந்துச் சரக்குக் கடையை நம்பினேன். சத்தில் மூன்று பையும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படி இருக்கவே முடியாது. என்னடி செய்தாய்?

உன் அபிராமி

பாமன்கடை
7 மார்ச்

அன்பின் அபி,

கோபத்திலும் பைகளைத் துவைத்து அனுப்பியிருக்கிறாய், சந்தோஷம்.

நான் ஒன்றும் களவு செய்யவில்லை. சரக்கு வந்தால் வெளிறிய துண்டுகளை ஒதுக்கிவிட்டு, நல்ல மஞ்சளாகப் பொறுக்கி எடுப்பது வாப்பா காலத்திலிருந்து எங்கள் கடை வழக்கம். உனக்கென்றதும் வேலையாட்களை விடாமல் நானே உட்கார்ந்து பொறுக்கினேன். மூன்றாவது மலைச் சரக்கில் பாதிக்குமேல் வெளிறல், அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வருமா? இன்னும் என் விரலெல்லாம் மஞ்சள். ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்.

உன் பர்ஹா

வெள்ளவத்தை
10 மார்ச்

பர்ஹா,

நன்றி. இப்போது திருப்தியா?

நீ ஒதுக்கிய வெளிறல்தான் எனக்கு வேண்டும். மஞ்சள் குறைந்தால் மருந்து குறைவென்பது கடைக் கணக்கு. மற்றக் காடுகளில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருக்கலாம். உன் அன்பால் என் மூன்று மாத வேலை குப்பைக்குப் போய்விட்டது.

உனக்குக் காட்டுச் சரக்குக் கொண்டுவரும் சந்திரகுமாரிடம் சொல்லு. மூன்றாவது மலையிலிருந்து ஒரு சின்னப் பை. பொறுக்காமல்! அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்.

அபிராமி

பாமன்கடை
2 ஏப்ரல்

அபி,

ஆட்டோவில் வருவது பையல்ல, ஐந்து மூட்டை. திறக்க முன் இதை வாசி.

சந்திரகுமார் காலையில் கடை வாசலில் இறக்கிவிட்டுப் பெருமையாகச் சொன்னான்: "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணையும் பொறுக்கல. தண்டு, குருத்து, வேர் எல்லாத்தையும் அள்ளிட்டேன். அந்த மலையில இனி ஒரு கொடி கிடையாது."

நீ கோடு போட்ட சொல்லைத்தான் அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சின்னப் பை என்றதைச் சொன்னேனா என்று நினைவில்லை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு. ஆனால் பதில் எழுது.

பர்ஹா

வெள்ளவத்தை
29 ஏப்ரல்

பர்ஹா,

ஏசத்தான் உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

சோதனை முடிவு வந்துவிட்டது. அந்த வெளிறல் துண்டுகளில், நான் இதுவரை எந்தச் சரக்கிலும் காணாத ஒரு சத்து இருக்கிறது. கொடியின் பரம்பரையும் தனி. இனி அது உன் மூட்டைகளில் மட்டுந்தான். வரும்போதே காய்ந்துபோனதை நட்டு முளைக்க வைக்க முடியாது.

காட்டுக்குள் போக அனுமதியும் நேற்று வந்தது. மூன்றாவது மலையின் பெயர்தான் முதலில் இருக்கிறது.

கொஞ்சக் காலத்துக்கு எனக்கு ஒன்றும் அனுப்பாதே. நீ அன்பாகத்தான் செய்தாய், தெரியும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அபிராமி