சாமி ஆற்றுக்கு ஓடிய பாட்டு

குரலை மட்டும் வைத்துவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். தச்சநல்லூர் வீட்டில் மோட்டார் மறுபடி ரிப்பேர். உங்கள் வில்லுப்பாட்டு வில்லில் கட்டிய மணிகளை அவள்தான் துடைத்து வைக்கிறாள். நான் தொட்டால் ஏசுகிறாள். இதையெல்லாம் முதலில் சொல்வதே, சொல்ல வந்ததைத் தள்ளிப்போடத்தான்.

நான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனபோது, "ஏட்டி, அது வில்லு படிக்குமா?" என்று கேலி செய்தீர்களே. இப்போது படிக்கிறது, அப்பா. நீங்கள் ஊர் ஊராகப் பாடிய மடைக்காரன் கதைதான். கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதற்காகப் பெரிய வீட்டார் வெட்டிப்போட, மாடன் சாமியாக நின்றவனின் கதை. பல வில்லுப்பாட்டு செட்டுக்காரர்கள் பாடிய கேசட்டுகளைத் தேடிப்பிடித்து ஒரு கல்லூரிக்காக எழுத்தாக்கினோம்.

ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளி. ஒவ்வொருவர் பாட்டும் அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் போகும் கோடு. எல்லாரும் ஒன்றுபோலப் பாடும் இடத்தில் கோடுகள் சேர்ந்தே போகும். ஒருவர் மாற்றிப் பாடினால், ஆற்றிலிருந்து கால்வாய் பிரிவதுபோல அவர் கோடு பிரியும். இதைக் கிராஃப் கோப்பு என்போம். அந்தக் கோப்பைப் படித்து, யார் பாட்டு எங்கே பிரிகிறது என்று காட்டும் புரோகிராமை எழுதியது நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

உங்கள் குரலில் கிடைத்தது ஒரே கேசட். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோயில் கொடையில் மைக்செட்காரர் பதிவு செய்தது. கொலை நடக்கும் இடத்தில் மற்ற எல்லாக் கோடுகளும் 'பெரிய வீட்டு அருவாள்' வழியே போயின. உங்கள் கோடு மட்டும் தனியே பிரிந்து, 'ஆத்து வெள்ளம்' என்று சுற்றிவந்து சேர்ந்தது.

கதையில் வரும் அந்தப் பெரிய வீடு இன்றும் அந்தக் கொடை நடந்த ஊரில்தான் இருக்கிறது. கொடைக்கு வரும் செட்டுக்குச் சாப்பாடு போடுவதும் அவர்கள்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. சோறு போட்ட வீட்டுக்காகப் பாட்டை வளைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். கோப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர் உண்டு. உங்கள் கோட்டில் இருந்த பெயரை அழித்துவிட்டுப் 'பெயர் தெரியாதவர்' என்று தட்டினேன். என்னை வளர்த்த பெயர் அப்பா அது. அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போன வாரம் கல்லூரியில் எல்லாருக்கும் போட்டுக்காட்டினோம். உங்கள் குரல் ஒலித்ததும் பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். அம்பாசமுத்திரத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற டீச்சர்.

"இதப் படிச்சவரு யாரும்மா?"

"பேரு தெரியல டீச்சர்" என்றேன். பொய் சொல்ல நாக்கு கூசவில்லை.

"நான் அந்தப் பெரிய வீட்டு மருமவ" என்றார் அவர். "எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. கொன்னவன் வீட்டச் சொல்லிப் படிச்சதும், சாமியாடி அருவாளோட எங்க வாசலுக்கு வருவாரு. வீட்டுல உள்ளவுக அத்தன பேரும், புள்ளத்தாச்சியா இருந்தாலும், வாசல்ல நின்னு அவரு கால்ல தண்ணி ஊத்தணும். அந்த வருசம் மதியக் கொடைக்கு எனக்கு மாசம் நெறஞ்சு நிக்கி. காலையில செட்டுக்கு மோரு கொண்டு குடுத்தது நாந்தான். இவரு என்னயப் பாத்துட்டு, பைய போம்மான்னாரு. அந்த எடம் வந்ததும் ஆத்து வெள்ளம்னு மாத்திப் படிச்சிட்டாரு. சாமி எங்க வாசலுக்கு வரல. திரும்பி ஆத்துக்கு ஓடிட்டு."

டீச்சர் தொடர்ந்தார்.

"பாட்டக் கெடுத்துட்டான்னு ஊரே அவர ஏசுச்சு. அடுத்த கொடைக்கு வேற செட்டு. புதுசா வந்த மருமவ, நான் யாருட்டப் போயி பேரு கேக்க? அந்தப் பேரக் கேட்டுட்டுப் போலாம்னுதான் இன்னைக்கு வந்தேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில் நின்றேன். ஆனால் சொன்னால், பெயரை அழித்தது நான் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாய் திறக்கவில்லை. டீச்சர் தன் பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அதன்பின் அந்த ஊர்க் கொடைக்கு நீங்கள் போகாதது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றீர்கள். அம்மாவிடமாவது உண்மையைச் சொன்னீர்களா? கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. "அவரு அப்படித்தான்" என்று மணியைத் துடைக்கப் போய்விட்டாள். நீங்கள் சொல்லாமல் விட்டதும், நான் சொல்லாமல் விட்டதும் ஒன்றா அப்பா? நீங்கள் வாயை மூடியது ஒரு பெண்ணுக்காக. நான் மூடியது எனக்காக. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் புரோகிராமில் பிழை இல்லை. கோடு எங்கே பிரிகிறது என்று சரியாகத்தான் காட்டியது. ஏன் பிரிகிறது என்று நான்தான் யாரையும் கேட்கவில்லை.

கோப்பில் உங்கள் பெயரைத் திரும்ப எழுதிவிட்டேன்: இசக்கிமுத்து. அது போதாது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ் ஏறுகிறேன். அந்த வாசலுக்கு நீங்கள் சாமியைக்கூட விடவில்லை. நான் போய் நின்று, பாடியவர் பெயரையும் அதை அழித்தவள் பெயரையும் சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்கள் பெயரைச் சொல்லக் கூசிய, இனிக் கூசாத,
உங்கள் மகள்
செல்வி