பார்க்காமல் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்

உன் வீட்டுக்கு வாடகைக்குப் போயிருந்த சளி உறிஞ்சும் மெஷின் இன்று காலை பட்டறைக்குத் திரும்பி வந்தது. மூடியைக் கழற்றியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வெடித்த கெப்பாசிட்டரின் நாற்றம் உனக்குத் தெரியாததா? அழுகின மீன் தேவலாம். பழுப்பு நீர் வழிந்து போர்டெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. அதைவிட அசிங்கம், தகரப் பெட்டியைப் பிடித்திருக்க வேண்டிய எர்த் வயர் அறுந்து தொங்கியது. மூடிமேல் ‘சோதிக்கப்பட்டது’ என்று பச்சை ஸ்டிக்கர். அதில் என் கையெழுத்து. தூ, இதுவும் ஒரு கையா என்றிருந்தது.

நம் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியும். காலையில் எல்லா மெஷினிலும் ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்; சோதனையெல்லாம் பிறகு, நேரம் கிடைத்தால். நீ மட்டும் முரண்டு பிடித்தாய். ஒரு நாள் நான் இரும்பு மேசையில் வைத்தே ஒரு மெஷினைச் சோதித்து, பாஸ் என்றேன். நீ வந்து அதைத் தூக்கி ரப்பர் பாயில் வைத்தாய்.

“மேசையே எர்த்தோட இருக்கு லா. அதுமேல வச்சா வயர் அறுந்த மெஷின்கூட பாஸ் ஆகும். இப்பப் பாரு.”

பார்த்தேன். ஃபெயில். அன்று எனக்கு உன்மேல்தான் எரிச்சல் வந்தது, வெட்கக்கேடு.

மேசைமேல் வைத்துச் சோதித்த எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னாய். “லாரி வெயிட்டிங் லா, யாராவது சைன் பண்ணுங்க” என்றார் அவர். நீ கையைக் கட்டிக்கொண்டாய். நான் பேனாவை எடுத்தேன். அடுத்த மாதம் உன் கான்ட்ராக்ட்டை நீட்டிக்கவில்லை.

தேக்கா கடையில் டீ குடிக்கும்போது சொன்னாய்: “நீ கெட்டவ இல்லடி. பார்த்தா சைன் போட மாட்டே. அதனாலதான் நீ பார்க்கறதே இல்ல.” சுருக்கென்றது. மறுநாளும் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பிறகு உனக்கு நோய் வந்தது. ஈசூனில் உன் வீட்டில், உன் கட்டிலருகே இதே மெஷின். உன் மகள் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஓடிவந்து இந்தத் தகரப் பெட்டியைத்தான் தொடுவாள். மின்சாரம் கசிந்திருந்தால் எர்த் வழியாகப் போயிருக்காது, அவள் வழியாகத்தான் போயிருக்கும்.

சற்றுமுன் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, கெப்பாசிட்டரை மாற்றிப் புது ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். முடியாது என்றேன். நான் கையெழுத்திட்ட அத்தனை மெஷினையும் திரும்ப வரவழைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கான்ட்ராக்ட்டும் போகட்டும்.

ஆனால் உன் கடைசி வாரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ மெஷினைக் காட்டி, மூச்சு வாங்க வாங்க என்னைக் கேட்டாய்: “இத நீ திறந்து பார்த்தியாடி?”

“பார்த்தேன்” என்றேன்.

“அப்ப சரி” என்று நம்பி, கண்ணை மூடிக்கொண்டாய்.