ஸ்டாப் பலகை

என் கண்ணே,

சாப்பாட்டை உன் அறைக் கதவோரம் வைத்திருக்கிறேன், ஆறிவிடும்.

நீங்கள் பதினொன்றாம் வகுப்பு வந்ததிலிருந்து பெற்றோருக்கெல்லாம் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வு பற்றியே பேச்சு. சர்ச் விருந்தில் ஹால்வர்சன் தன் மகனின் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பீற்றிக்கொண்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. உன் மதிப்பெண்ணில் இருநூறைக் கூட்டிச் சொன்னேன். நீ பின்னால் நின்றது தெரியாது.

"அடேயப்பா! நிஜமாவா பிரிட்டா?" என்று ஹால்வர்சன் உன்னிடமே கேட்டார்.

என்னை ஒரு பார்வை பார்த்தாய். "ஆமாங்க, அப்பா சொன்னது சரிதான்."

திரும்பும்போது புது லைசென்ஸோடு நீதான் ஓட்டினாய். சோளக்காட்டு நடுவே, வண்டியை நிறுத்திப் போகச் சொல்லும் ஸ்டாப் பலகை. சுற்றிலும் ஈ, காக்கை இல்லை. நானென்றால் நிற்காமல் போயிருப்பேன். நீ முழுசாக நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து, பிறகுதான் கிளப்பினாய்.

அந்தப் பிள்ளையைத்தான் பொய் சொல்ல வைத்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் தலைகுனிந்து வந்த,
அப்பா