ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு பெயர்

இன்று ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். ஈர வாழை இலையில் சூடான சாதம் விழுந்ததும் ஒரு வாசனை எழுமே, இலையும் பருப்பும் நெய்யும் கலந்தது, அது மூக்கில் ஏறியதும் பிசையப் போன கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்து இலைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். காரம் என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த வாசனை என்றால் பிரகாஷ் கல்யாணம். பிரகாஷ் கல்யாணம் என்றால் நீ.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இவ்வளவு காலம் நீதிமன்றச் செய்தி எழுதியவன், உனக்கு மட்டும் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன். இன்றைக்குக் கை தானாக எழுதுகிறது.

நம் காஞ்சிபுரத்தில் வக்கீல் ஆபீஸ் விளக்கு வைத்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். கோர்ட்டு முடிந்து, வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கட்சிக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் உன் ஆபீஸ் மட்டும் பூட்டிக் கிடக்கும். திருப்பருத்திக்குன்றத்தில் உன் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பத்து வழக்கம். வக்கீல்கள் உனக்கு வைத்திருந்த பெயர் ‘பொழுது போனா கடைய சாத்துறவரு’. நீ கோபித்துக்கொண்டதே இல்லை. “நான் ராத்திரி சாப்டறதும் இல்ல, ராத்திரி கேஸ் படிக்கறதும் இல்ல. ரெண்டும் செரிக்காது” என்பாய்.

ஆனால் பகல் போதவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் ஜூனியர்கள் வழக்குக் கட்டுகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அவரிடம் இருக்கும் வழக்குகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்த மாதிரி. வாய்தா கேட்டுத் தள்ளிவைக்க வேண்டும். ‘அந்தக் கட்டு எங்க’ என்ற கேள்வியிலேயே பாதி நாள் போகும். ஒரு முறை ஆபீஸையே தலைகீழாகப் புரட்டித் தேடிய கட்டு, ஒரு ஜூனியரின் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் மழைக் கோட்டோடு சுருண்டு கிடந்தது. அன்றைக்கு நீ யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம்தான் உன் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். மென்பொருள் கம்பெனி வேலை. தினம் காலையில் எல்லோரும் நின்றபடியே பேசிவிட்டு வேலையைத் தொடங்குவோம், ஆளாளுக்கு என்ன வேலை என்பது சுவரில் அட்டையாக ஒட்டியிருக்கும் என்று சாப்பிடும்போது ஏதோ பேச்சுவாக்கில் சொன்னான். நீ விட்டால்தானே? கேட்ட கேள்விகளில் அவன் சாதம் ஆறிப்போனது. அடுத்த திங்கட்கிழமை உன் ஆபீஸ் சுவரை ஒரு பெரிய வெள்ளைப் பலகை அடைத்துக்கொண்டு நின்றது.

“கம்ப்யூட்டர் வேலைக்கும் கோர்ட்டு வேலைக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று சிரித்தேன்.

“ரெண்டு எடத்துலயும் ஜனங்க ‘பண்ணிக்கினு இருக்கேன்’னுதான் சொல்றாங்க” என்றாய்.

பலகையில் நான்கு பத்திகள்: வந்தது, கையில், தயார், முடிந்தது. ஒரு வழக்குக்கு ஓர் அட்டை. அட்டையில் வழக்கின் கதை இருக்கக் கூடாது. அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் இருக்க வேண்டும். ‘ஆவணம் திரட்ட வேண்டும்’ என்று ஒரு ஜூனியர் எழுதியதை அழித்துவிட்டு, ‘பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்க வேண்டும், புதன்’ என்று நீயே எழுதினாய். ‘கையில்’ பத்தியில் ஒருவருக்கு நான்கு அட்டைக்கு மேல் கிடையாது. வாய்தாத் தேதி வரும்போது கட்டு ‘தயார்’ அலமாரியில் ஏற்கெனவே இருக்க வேண்டும். முந்தின நாள் படிப்பது என்ற பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு பெயர். முதல் பெயர்க்காரர் வழக்கை நடத்துவார். இரண்டாம் பெயர்க்காரர் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றி இரண்டு நிமிஷம் தடுமாறாமல் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் தப்பு முதல் பெயர்க்காரர்மீது.

குமாஸ்தா முனுசாமிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “பள்ளிக்கூடத்துல ப்ரேயருக்கு நிக்க வெக்கிறாப்புல நிக்க வெக்கிறாருபா. நாளைக்கு நகம் வெட்டிக்கினு வந்தியான்னு பாப்பாரு” என்று என்னிடம் புலம்பினார். புலம்பியவர்தான், ஒரு மாதம் கழித்து, நாற்காலியில் உட்காரப் போன என்னைக் கூட்டம் முடிகிற வரை நிற்கச் சொன்னார்.

அதற்கு நீ கொடுத்த விலையும் உண்டு. ஓர் அரிசி ஆலைக்காரர் பெரிய வழக்கோடு வந்தார். பலகை நிறைந்திருந்தது. பத்து நாள் பொறுக்கச் சொன்னாய். அவர் எழுந்து எதிர்த் தெருவுக்குப் போய்விட்டார். உனக்காக நான் கொதித்தேன். “அஞ்சாவது அட்டைய எடுத்தா, அஞ்சு பேருக்கும் பொய் சொல்லிக்கினு திரியணும்பா” என்றாய். இது ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று அன்றைக்கு எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

பிறகு அந்த முகூர்த்த நாள் வந்தது.

நம் ஊர் வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய முகூர்த்தத்தன்று வக்கீல்களில் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொண்டு வாய்தா வாங்கிவிடும். பிரகாஷ் உன் மூத்த ஜூனியர். அவன் கல்யாணத்தன்றே பிள்ளையார்பாளையம் வழக்கு. ஒரே நீள வளவில், ஒட்டி ஒட்டி வரிசை வீடுகளில், ஒன்பது நெசவுக் குடும்பங்கள். மனையை வாங்கியவர் அவர்களைக் கிளப்பப் பார்க்கிறார். கிளப்பக் கூடாது என்று நீங்கள் வாங்கியிருந்த தடையுத்தரவை நீக்கச் சொல்லி அவர் போட்ட மனுதான் அன்றைக்கு. பிரகாஷ் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தானே பத்திரிகை வைத்தான். “போய்த் தாலி கட்டுப்பா, கேஸ் எங்க ஓடிப்போவுது” என்று அவரும் ஆசீர்வதித்தார். மனை வாங்கியவர் அந்த வக்கீலையே மாற்றிவிடுவார் என்று உங்கள் யாருக்கும் தோன்றவில்லை. முகூர்த்த வாய்தா என்பது காஞ்சிபுரத்தில் எழுதாத சட்டம். அதை வெளியூரிலிருந்து வரும் ஒரு வக்கீல் ஏன் மதிக்க வேண்டும்?

இலையில் சாதம் விழுகிற நேரம். முனுசாமியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு உன்னிடம் குனிந்தார். மனை வாங்கியவர் இந்த வாரம் வக்கீலை மாற்றிவிட்டார், புதியவர் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார், வாய்தாவுக்கு ஒப்பமாட்டேன் என்கிறார், நீதிபதி பன்னிரண்டு மணிக்கு மறுபடி அழைப்பாராம், அப்போதும் ஆள் இல்லையென்றால் ஒரு தரப்பை மட்டும் கேட்டு உத்தரவு. தடை போனால் மறுநாளே அந்த வளவில் பூட்டு விழும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

முதல் பெயர்க்காரன் மேடையில் கழுத்தில் மாலையோடு நிற்கிறான். நீ திரும்பி, எதிர் வரிசையில் இருந்த கயல்விழியைப் பார்த்தாய். ஜூனியர்களில் கடைசியாகச் சேர்ந்தவள்.

“கயலு, உன் பேருமா.”

அவள் சாதத்தில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் உன் தோளைப் பிடித்தேன். நீ போகவில்லையா என்று கத்தினேன் என்றே நினைக்கிறேன்.

“நான் போனா மொதல்லேருந்து படிக்கணும். அது போன வாரமே படிச்சிட்டுது. அட்டையில என் பேரு இல்ல ரிப்போர்ட்டரே. வண்டி வெச்சிருக்கல்ல, கொண்டுபோய் வுடு.”

அந்தக் கணத்தில் உன்னை வெறுத்தேன். ஒன்பது குடும்பத்தை ஒரு சுவர்ப் பலகைக்குப் பந்தயம் வைக்கிறாயே என்று.

எப்படி ஓட்டினேன் தெரியுமா? பட்டுக் கடைத் தெரு முழுக்கக் கல்யாண ஜவுளிக்கு வந்த வேன்கள். சந்துகளில் புகுந்து உன் ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். மாடியில் சாவி திருகும் சத்தம் கேட்டது. நான் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் கயல் கட்டும் கருப்பு அங்கியுமாகக் கீழே நின்றாள். ஸ்கூட்டருக்கு அடியில் சுருண்டு கிடந்த அந்தப் பழைய கட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதுதான் முதல் முறையாக, இது நடக்கும் என்று உடம்பு சொன்னது.

கோர்ட்டு வராந்தாவில் ஏகாம்பரம் மட்டும் காத்திருந்தார். ஒன்பது குடும்பங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவர். எந்தக் கல்யாணம் இருந்தாலும் வாய்தாத் தேதியில் வந்துவிடுவார். பெரிய அய்யா எங்கே என்று கேட்டார். “நான்தாங்க” என்றாள் கயல். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை புடவைக் கரையில் நின்றது.

“மிஷின் தறிச் சேலைம்மா இது.”

“ஆர்டர் வாங்கிக்கினு வந்துடறேன், அப்புறமா திட்டுங்க.”

நீதிபதியும் அங்கிக்குக் கீழே தெரிந்த அரக்கு நிறத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மன்னிக்கும்படி கேட்டுவிட்டு, வழக்கறிஞருக்கு இன்று கல்யாணம், அங்கிருந்து வருகிறேன் என்றாள். அவரே சிரித்துவிட்டார். சென்னை வக்கீல் சிரிக்கவில்லை. அவர் நன்றாகப் பேசினார். அதை மறைத்து எழுத எனக்கு வராது. தறி என்பது அசையும் பொருள், லாரியில் ஏற்றி வேறு வீட்டில் இறக்கிக்கொள்ளலாம், இதில் ஈடு செய்ய முடியாத நஷ்டம் எங்கே வந்தது என்றார்.

கயல் பக்க எண்ணைச் சொன்னாள். தரையில் தோண்டிய குழியில் கால் வைத்து நெய்யும் தறியின் படம். அடுத்த பக்கம், தறியில் நீளவாக்கில் ஏறியிருக்கும் பாவு நூலின் படம். பாதி நெய்த சேலையை அறுக்காமல் குழியை விட்டுத் தறியைக் கிளப்ப முடியாது. அதற்கடுத்து கூட்டுறவுச் சங்கம் தந்த சான்று. கட்டைப் புரட்டித் தேடவே இல்லை அவள். நீதிபதி கேட்கக் கேட்கத் தாள் அதுவாக விரிந்தது. என் குறிப்பேட்டில் அன்றைய கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை, அவ்வளவு வேகம்.

திடீரென்று நீதிபதி நிறுத்தினார். ஒன்பது வீடு என்கிறீர்கள், தறிப் படம் எட்டுதான் இருக்கிறது, ஆறாம் வீட்டில் என்ன? சென்னை வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏகாம்பரத்தின் விரல்கள் பெஞ்சு விளிம்பைப் பிடித்தன.

ஆறாம் வீட்டில் தறி கிடையாது. அங்கிருக்கும் அம்மாள் மற்ற எட்டுத் தறிகளுக்கும் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறார், அவருடைய பிரமாணப் பத்திரம் தனியாகக் கடைசியில் இருக்கிறது என்றாள் கயல். குரலில் நடுக்கமே இல்லை. இருக்காது. அதே கேள்வியை ஒரு காலைக் கூட்டத்தில் பிரகாஷ் சுவரோரம் நின்று கேட்டதும், பதில் தெரியாமல் அவள் விழித்ததும், அன்றைக்கே அந்த அட்டை ‘தயார்’ பத்தியிலிருந்து திரும்பி ‘கையில்’ பத்திக்கு வந்ததும் நான் பார்த்ததுதானே.

மனு தள்ளுபடி. வழக்கு முடியும்வரை தடை நீடிக்கும்.

வண்டியை மறுபடியும் கல்யாணத்துக்கு விட்டேன். மண்டபத்தில் கயல் நேராக மேடை ஏறினாள். போட்டோக்காரர் அதட்டியதையும் கேட்காமல் பிரகாஷ் குனிந்தான். “ஆறாவது வூடு கேட்டாரா?” என்றான். அவள் தலையாட்டினாள். அவன் சிரித்த சிரிப்பு கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. பக்கத்தில் மணப்பெண், “யாரு அது ஆறாவது வூடு?” என்று கேட்கிற முகமும் சேர்ந்தே இருக்கிறது.

உன்னைத் தேடிப் போனேன். முனுசாமிதான் என்னைத் தனியே இழுத்தார். “எலையில ஒரு பருக்க தொடலபா. மோர் வரிக்கும் எல்லாம் வந்துது, அப்படியே பாத்துக்கினு உக்காந்திருந்தாரு. அடுத்த பந்திக்காரங்க வந்து நிக்கறாங்க, எழுந்திருக்கமாட்டேங்கறாரு.”

பொழுது சாய்வதற்குள் உன்னை ஓட்டலுக்கு இழுத்துப் போனேன். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் நீ பேசிக்கொண்டே இருந்தாய், பள்ளிப் பையன் மாதிரி கையை ஆட்டி ஆட்டி. முகூர்த்த வாய்தாவை இனி நம்பக் கூடாது என்றாய், அதற்கும் ஒரு விதி எழுத வேண்டும் என்றாய். கயல் தோற்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். “நாளைக்குக் காத்தால நின்னு பேசுவோம், எந்த எடத்துல வழுக்குச்சுன்னு. மேல் கோர்ட்டுக்கு அட்டை எழுதுவோம்” என்றாய். அடுத்த கவளத்தை விழுங்கிவிட்டு, “ஆனா நான் ஓடியிருந்தா ஜெயிச்சிருந்தாலும் அந்தப் பலகைய இன்னிக்கே கழட்டிப் போட்டுடலாம்பா. எல்லாம் கடைசியில இவர் வந்துடுவாருன்னு ஆயிடும்” என்றாய்.

நீ வராமல் போன காலையும் வந்தது. சடங்குகள் முடிந்த மறுநாள் ஆபீஸ் பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். எட்டே முக்காலுக்கு எல்லோரும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். முனுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மொத அட்ட” என்றார். உன் பெயர் முதலாவதாக இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொன்றின் இரண்டாம் பெயர்க்காரரும் இரண்டு நிமிஷம் சொன்னார்கள். அழுதுகொண்டே சொன்னவர்களும் உண்டு, ஆனால் தடுமாறியவர் யாரும் இல்லை. உனக்காக அந்த வாரம் ஒரு வழக்குக்கும் வாய்தா வாங்கவில்லை. நான் அறிந்த எந்த வக்கீலுக்கும் இதைவிடப் பெரிய மரியாதை நடந்து பார்த்ததில்லை.

பிள்ளையார்பாளையம் வழக்கில் பிரகாஷ் வாதாடி, கயல் பக்கத்தில் நிற்க, தீர்ப்பும் வந்துவிட்டது. ஒன்பது குடும்பங்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள். கயல் இப்போது ஏகாம்பரம் நெய்த சேலை ஒன்று வைத்திருக்கிறாள்; சீட்டுக் கட்டி வாங்கினாள்.

போன மாதம் என் பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்: நீங்கள் ஒரு நாள் வர முடியாமல் போனால் காஞ்சிபுரம் கோர்ட்டுச் செய்தியை யார் தருவார்கள்? இந்தக் கேள்வியை என் தலைமுறை நிருபர்கள் மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வோம். யாரை எங்கே பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் தலைக்குள் பூட்டி வைத்திருந்தவன் நான். இப்போது எந்தச் செய்தி எந்த நிலையில் நிற்கிறது என்பது என்னைத் தவிர இன்னொரு நிருபருக்கும் தெரியும்; தினம் காலையில் இரண்டு நிமிஷம் பேசிக்கொள்கிறோம். ஆசிரியரிடம் அவர் பெயரைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பயமாக இல்லை. அன்றைக்குப் பந்தியில் கயல் பெயரை நீ எந்தக் குரலில் சொன்னாயோ, அந்தக் குரல்தான் என் வாயிலிருந்தும் வந்தது.