பெருசா சின்னதா, அத்தா?

கோட்டைப்பட்டினம்
புதன்கிழமை, அஸர் தொழுகை நேரம்

அன்புள்ள அத்தாவுக்கு, நிலோஃபர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மாவும் நானும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன் புள்ள" என்பீர்கள். பேப்பரிலாவது உண்மையை எழுதுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் பேசினால் அம்மா தோளோடு ஒட்டிக்கொண்டு கேட்கும். உங்கள் ரூமில் ஆறு பேர், நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இதை அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல முடியாது. அன்வர் பாட்சா மாமா லீவு முடிந்து நாளைக்கு தோஹாவுக்குத் திரும்புகிறார். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நம் 407 லாரியில் பேட்டரி செத்துவிட்டது. செத்து ஒரு மாதம் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமைகூட ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாயே என்று கேட்பீர்கள். அது வண்டி இல்லை அத்தா. முன்பு ஒருநாள் நான் போனில் பிடித்துவைத்திருந்த சத்தம். அம்மா வாசலில் நின்று தன் போனைத் தூக்கிப் பிடிக்க, நான் கேபினுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு ஸ்பீக்கரில் அதைப் போட்டேன். அம்மாவுக்கும் தெரியாது, அதுக்கு வண்டி என்றால் சத்தம், அவ்வளவுதான். நாலு வெள்ளிக்கிழமை இப்படி ஏமாற்றினேன். கடைசித் தடவை நீங்கள், "எஞ்சின் சத்தம் எம்புட்டு சுத்தமா இருக்கு பாத்தியா" என்றீர்கள்.

முதலில் ஹாரன் போனது. சளி பிடித்த ஆடு மாதிரி கத்தியது. ஹாரனுக்குத் தொண்டை கட்டினால் பேட்டரிக்குத் தாகம் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை நம்பி டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றினேன். மறுவாரம் சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

நேற்று நானே ஸ்பானரை எடுத்துக் கழற்றினேன். கடல் காற்றில் ஒயர் முனையெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. சாக்கில் போட்டு பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, மாப்ள வீட்டுக்குச் சீர் கொண்டு போறியா? இதுக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றார். எடுத்தேன். வேறென்ன செய்வது.

அறந்தாங்கியில் நீங்கள் எப்போதும் போகும் பேட்டரிக் கடைக்குத்தான் போனேன். கண்ணுசாமி அண்ணன் கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு மூடிக்குள்ளும் விட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு, வண்டி எத்தனை நாளைக்கு ஒருக்கா ஓடுது என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை ஓடினால் அதிகம், ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் பண்ணிவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்றார். ரெண்டு நிமிஷம், அத்தாவுக்குச் சத்தம் கேட்க வேண்டும், அப்புறம் அணைத்தால்தானே பேச முடியும் என்றேன்.

தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஏம்மா! ஸ்டார்ட் ஆவுறதுக்குத்தான் பேட்டரி அள்ளிக் குடுக்கும். அது திரும்ப ஏறணும்னா அரை மணி நேரமாச்சும் ரோட்டுல ஓடணும். நீங்க வாரா வாரம் எடுத்தீங்க, ஒருக்காவும் திருப்பி வைக்கல. ஒயரக் கழட்டிப் போட்டு சும்மா வுட்டிருந்தாக்கூட இன்னுங் கொஞ்ச நாள் கெடந்திருக்கும்" என்றார்.

நீங்கள் ஆசையாகக் கேட்டீர்கள், நான் ஆசையாகச் சாவியைத் திருப்பினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொன்றிருக்கிறோம்.

திரும்பி வரும்போது நாகுடியில் நீங்கள் டீக்கு நிறுத்தும் இடம் வந்தது. அப்போதெல்லாம் மீன் லோடு இறக்கிவிட்டு வந்து என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவீர்கள். யூனிஃபார்ம் முழுக்க ஐஸ் தண்ணீர் வாடை. பிள்ளைகள், "ஏய், நண்டு வந்துருச்சுடி" என்பார்கள். அதனால் தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. மறுநாள் பார்த்தால் சீட்டை சோப்புப் போட்டுக் கழுவிவைத்திருந்தீர்கள். இப்போது அந்த சீட்டில் எந்த வாடையும் இல்லை அத்தா. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கண்ணுசாமி அண்ணன் இரண்டு பேட்டரி காட்டினார். "வண்டி நிக்கத்தான் போகுதுன்னா சின்னத எடு. ஒரு வருஷ கேரண்டி. மாசம் ஒருக்கா சார்ஜ் ஏத்திக்க. வெலைக்குக் கேட்டு எவனாச்சும் வந்தா ஸ்டார்ட் பண்ணிக் காட்ட அது போதும். தெனம் லோடு அடிக்கப் போகுதுன்னா பெருச எடு, நாலு வருஷத்துக்குக் கவலையில்ல. நிக்கிற வண்டிக்கு மட்டும் பெருச மாட்டிறாத தங்கச்சி, அது வீணாப் போயிரும்" என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், "ஒங்க அத்தா ஓட்ட வாராரா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என் பாலிடெக்னிக் ஃபீஸுக்காகத்தான் வண்டியை நிறுத்திவிட்டுப் போனீர்கள். நான் அதை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்போது ரெண்டு வெள்ளிக்கிழமை என்னோடு பேசாமல் இருந்தீர்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அதில் இப்போதும் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் நின்ற பிறகும் நீங்கள் ஏன் நிற்கவில்லை? இந்த மாதக் கடைசியில் கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களாமே. அன்வர் பாட்சா மாமா வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். நானாவது பேட்டரியைத்தான் மறைத்தேன்.

இன்னொன்று. டிரைவிங் லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் கல்யாணப் பேச்சில்தான் வந்து முடிக்கும். துறைமுகத்தில் இப்போதும் ஐஸ் ஏற்ற வண்டி தேடுகிறார்கள். நீங்கள் ஓட்டுங்கள், உங்களுக்கு முதுகு வலித்தால் நான் மாற்றிக்கொள்கிறேன். இனி என்னைப் பள்ளிக்கூட வாசலிலேயே இறக்கிவிட்டாலும் சரி, தெருமுனை வேண்டாம்.

வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது வண்டிச் சத்தம் கேட்காதீர்கள். பெருசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பக்கத்தில் யார் இருந்தாலும் புரியாது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அறந்தாங்கி போய்விடுவேன். சின்னது என்று சொன்னாலும் போவேன். முதல் பஸ்ஸில் இல்லை.

வெயிலில் நீங்கள் அங்கே ஓட்டும் தண்ணீர் லாரியின் அடியில் படுத்துத் தூங்காதீர்கள். மாத்திரையை மறக்காதீர்கள். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைக்கட்டும், பத்திரமாகக் கொண்டுவரட்டும்.

உங்கள் துஆவை நாடும் மகள்,
நிலோ

பின்குறிப்பு: பேட்டரி இருந்த பெட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒயர் முனைகளில் கிரீஸ் தடவிவைத்திருக்கிறேன். டேப் வைத்தும் அளந்தேன். பெருசுதான் கச்சிதமாக உட்காரும்.