இரண்டு காதுள்ள பெட்டி

எனக்கு வாய்த்த மகராசிக்கு,

நாரணாபுரத்திலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. இரண்டு வரி முடிவதற்குள் காப்பி ஆறிப்போகிறது. எழுத்து மேலே ஏறியும் கீழே இறங்கியும் போகும், பொறுத்துக்கொள்.

தொடக்கத்தில் உன் பேரைக் காணோமே என்று நினைக்காதே. மறந்துவிடவில்லை. பேச்சியம்மா சீரியலை வைத்து நாம் கட்டிய பந்தயம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதன் முடிவு தெரியாமல் உன் பேரை எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன்.

பட்டாசுக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வேம்படிக்கு வருவோம். முந்தின நாள் பார்த்த கதையை நீ சொல்லுவாய். டி.வி. இல்லாத பெண்கள் எல்லாரும் சோற்றுக் கையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் மகளைத் தொலைத்த பேச்சியம்மா, ஊர் ஊராகத் தேடி அலைந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ள எப்பவோ செத்துப்போயிருக்கும். கதைய இழுக்கதுக்காகச் சொல்லாம வச்சிருக்கானுக” என்றேன்.

“உசுரோடதான் இருக்கு. தேடிப் போகவே வேண்டாம், தானா வந்து நிக்கும் பாருங்க” என்றாய்.

“வந்துட்டா?”

“நீங்களே சொல்லுங்க, வந்துட்டா என்ன செய்வீக?”

“உன் பேர எழுதிக் காட்டுதேன்.”

வேம்படியே சிரித்தது. “கைநாட்டு வைக்கிற மனுசன் பேரெழுதப் போறாராம்!” என்று ஒருத்தி சொல்ல, உனக்குப் புரையேறி நான் தலையில் தட்டினேன். கதை முடியுமுன் நீ கண்ணை மூடிவிட்டாய். நீ போன வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. எப்போது முடிந்ததோ, எப்படி முடிந்ததோ, கேட்கவும் மனமில்லை.

இப்போது நம் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்தபடி ஒரு தட்டு. கீழே டி.வி.க்குப் பக்கத்தில், தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஓடுகிற படத்தைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம். நம் பையன் கணேசன், பட்டாசு சீசன் லோடு ஏற்றப் போவதால் மேட்ச் பார்க்க முடியவில்லை என்று வாங்கினான்.

மாட்ட வந்தவரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். உள்ளே இரண்டு ட்யூனர் இருக்கிறதாம். “பெட்டிக்கு ரெண்டு காதுன்னு வச்சுக்கோங்க ஐயா. ஒரே நேரத்துல ரெண்டு சேனலைக் கேட்டு வாங்கும். மூணாவதக் கேக்காது” என்றார்.

“வீட்டுல மூணு பேரு இருக்கமே, ரெண்டு பத்துமா?”

“ஒத்துப்போனா தாராளம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தா, நாலு காது வச்சாலும் பத்தாது” என்று சிரித்தார்.

அவர் போனபிறகு மாடியில் ஏறி அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். நீயும் நானும் வாழ்நாளெல்லாம் எத்தனை ராக்கெட் செய்து அனுப்பியிருப்போம்? போனதெல்லாம் பூவாக விரிந்து, சாம்பலாகத்தான் கீழே வந்தது. ஆனால் சாட்டிலைட் என்று ஒன்று மேலே போய், கீழே விழாமல் அங்கேயே நின்று, இத்தனை வீட்டோடும் பேசிக்கொண்டிருக்கிறதாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெயில்தான். அந்த வெயிலுக்குள் எத்தனை பாட்டு, எத்தனை அழுகை, எத்தனை சண்டை இறங்கிக்கொண்டிருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கீழே வந்து சேனலை மாற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு சேனலில் உன் பேச்சியம்மாவை முதலிலிருந்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. கடைசிப் பகுதி ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. அதே நேரத்தில்தான் எனக்கு முதியோர் வகுப்புப் பரீட்சை. அதை முடித்தால்தான் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று தாள் கொடுப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் நானே ரிமோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பதிவு என்ற எழுத்தைத் தேடி அழுத்தினேன். திரையில் ஒரு கட்டம் வந்தது. விரலை வைத்து வாசித்தேன். “இந்த... நேரத்தில்... இரண்டு... நிகழ்ச்சிகள்... பதிவாக உள்ளன. எதை... நீக்க... வேண்டும்?”

கணேசன் என்னையே பார்த்தான். கம்பெனிச் சுவரில் எத்தனையோ பலகை இருந்தது. எல்லாம் சிவப்பாக இருந்ததால் ஆபத்து என்று தெரியும், அவ்வளவுதான். ஓர் எழுத்து என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, அது எனக்குப் புரிந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு காதில் கணேசனின் மேட்ச். இன்னொன்றில் மருமகள் முருகேஸ்வரியின் சமையல் போட்டி.

“நீ அத விட்டுரேன். அதப் பாத்துப் பாத்தும் அதே கத்திரிக்கா கொழம்புதான வைக்க?” என்றான் கணேசன்.

“மேட்ச்சு பாத்து நீங்க மட்டும் என்னத்த அடிச்சுக் கிழிச்சீக?” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, “என்னோடத எடுத்துருங்க மாமா. அத்தையோட கதையில்லா?” என்றாள்.

எடுத்தேன். பேச்சியம்மா உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகேஸ்வரி அச்சங்குளத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கணேசன் லோடுக்கு. கடைசியாகக் கிளம்பியது நான். பரீட்சையில், குடும்பத்தில் உள்ளவர்கள் பெயர்களை எழுதுக என்று ஒரு கேள்வி. கணேசன், முருகேஸ்வரி, கடைசியில் என் பேர் மாடசாமி என்று எழுதிவிட்டு, முதல் வரியைச் சும்மா விட்டுவைத்தேன். “ஐயா, இங்கன ஒரு வரி காலியா இருக்கே” என்றது வகுப்பு எடுக்கிற டீச்சர் பிள்ளை. “அதுக்கு ஆள் இருக்கு தாயி. இன்னைக்குச் சாயங்காலம்தான் எழுதணும்” என்றேன். அதற்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் டி.வி.யிடம் போனேன். சுவிட்சு அணைந்திருந்தது. போட்டேன். பதிவுகள் என்ற இடத்தை அழுத்தினேன். “பதிவு எதுவும் இல்லை.”

அதையும் நானே வாசித்தேன். வாசிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

யார் அணைத்தது தெரியுமா? நான்தான். வீட்டைப் பூட்டுமுன் நீ அடுப்பைப் பார்ப்பாய், நான் சுவிட்சையெல்லாம் அணைப்பேன். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போன கை இது. ஒரு தீப்பொறியைக்கூட நம்பாத கை. குளிர்பெட்டியின் சுவிட்சை மட்டும் முருகேஸ்வரி சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். மற்றதையெல்லாம் கை தானாக அணைத்திருக்கிறது. இரண்டு காதையும் பொத்திவிட்டுத்தான் பரீட்சைக்குப் போயிருக்கிறேன்.

கணேசன் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். “மேட்ச்சு எப்படியும் தோத்துட்டானுகப்பா, விடுங்க” என்றான். ஆனால் உன் கதைக்கு என்ன செய்வது? திங்கட்கிழமையிலிருந்து அந்த நேரத்தில் வேறு சீரியலாம். உனக்கு என்ன பதில் சொல்லுவேன்?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முருகேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். “பாத்தீகளா மாமா?” என்றாள். நான் சுவிட்சைக் காட்டினேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

“நான் பாத்துட்டேன் மாமா.”

“சமையல் போட்டி?”

“கெடக்கு. அத்தை என்கிட்ட எம்புட்டு நாள் இந்தக் கதையச் சொல்லியிருக்காக. அங்கன அம்மா வீட்டுல உக்காந்து இதத்தான் பாத்தேன்.”

காலை நீட்டி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அப்படியே நீ சொல்லுகிற மாதிரி, நடுநடுவே நிறுத்தி, “அப்பந்தான் பாருங்க மாமா” என்று தொடையில் தட்டிச் சொன்னாள். பேச்சியம்மா தேடி ஓய்ந்துபோய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். ஒரு பெண் சாப்பிட வருகிறாள். சட்னியைத் தொடாமல், இட்லியின் ஓரத்தை முதலில் கிள்ளித் தின்கிறாள். சின்னதில் மகள் தின்ற அதே மாதிரி. பேச்சியம்மா கரண்டியைக் கீழே வைக்கிறாள். “எங்கட்டி போன இம்புட்டு நாளா?” என்கிறாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

தானாகத்தான் வந்தாள். தேடிப் போகவில்லை. நீ சொன்னபடியே.

கணேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான். நான் அந்தக் கறுப்புப் பெட்டியையும் முருகேஸ்வரியையும் மாறிமாறிப் பார்த்தேன். வானத்திலிருந்து அச்சங்குளத்துக்கு இறங்கி, அவளுக்குள் ஏறி, பஸ்ஸில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது உன் கதை. நீ வேம்படியில் ஆரம்பித்தது. இதில் எதைப் பெரிய அதிசயம் என்று சொல்வது?

இரண்டு காது வீட்டுக்குப் போதுமா என்று கேட்டேனே, போதும்.

பந்தயத்தில் நான் தோற்றேன். உன் பேரில் உள்ள எழுத்தையெல்லாம் தனித்தனியாக எழுதிப் பழகியிருக்கிறேன். சேர்த்து ஒருமுறைகூட எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

வெள்ளைத்தாய்.

டி.வி. சுவிட்சுக்குப் பக்கத்தில் “அணைக்காதே” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எனக்கு நானே எழுதிய பலகை. இனி அதை வாசித்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னிடம் தோற்றதில் சந்தோசப்படும்,
உன் வீட்டுக்காரன்
மாடசாமி