நடுக்கட்டை

மாசி 9, திங்கள்

காலையில் மந்தாரம், பத்து மணிக்கு மேல் வெயில். முன்பள்ளிக்குப் பதினொரு பிள்ளைகள்தான். மற்றவர்களுக்குக் காய்ச்சலாம்.

செய்ய வேண்டியவை: தவக்காலப் பாட்டுப் பட்டியல் (பங்குச் சுவாமி இரண்டு தரம் கேட்டுவிட்டார்). கீபோர்ட் வயரில் டேப் சுற்ற. டேட்டா போட. பின்னேரம் பாடம் 5.

அந்த இலவச இசைப் பாடநெறியைப் போன தவக்காலத்தில் ஒன்லைனில் தொடங்கி, நாலு பாடத்தோடு விட்டிருந்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மா பியானோவுக்கு முன் இருந்து ஆங்கிலத்தில் விளக்குவார். கீழே ஓடும் எழுத்தை நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன். கோயில் பாட்டுக் குழுவில் யாருக்கும் இது தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிமாரிடம் முறையாகப் படித்தவள் என்று அவர்களுக்கு நினைப்பு. நானும் இல்லையென்று சொன்னதில்லை.

பா. 5 பார்த்து முடித்தேன். மனம் சரியில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

மாசி 10, செவ்வாய்

பா. 5, எனக்கு விளங்கின அளவில்: கீபோர்ட் கட்டைகள் சுத்தமான சுரத்தில் இல்லை. எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். மனிதக் குரல் தன்பாட்டில் பாடினால் இரண்டு கட்டைக்கு நடுவிலும் போய் நிற்கும். அது பிழையில்லை. பல நாடுகளின் பழைய பாட்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

கேட்டதும் பிலோமினா அக்காவின் முகம்தான் வந்தது.

அவர் கடற்கரையில் கருவாடு போடுகிறவர். பசாம் படிப்பார். தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை இழுத்து இழுத்துப் புலம்புவோமே, அது. தாயிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினது. போன வருடம் ஒத்திகையில் தனியே ஒரு அடி படித்தார். நான் அப்போதுதான் பா. 4 முடித்திருந்தேன். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள், நான் அன்றைக்கு ஆடினேன். கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினேன், பக்கத்துக் கட்டையையும் தட்டினேன். "அக்கா, நீங்கள் இதிலயும் இல்லை, அதிலயும் இல்லை. நடுவில நிக்கிறியள். சுருதி சேரேல்லை." பதினான்கு பேருக்கு முன்னால்.

பிறகு குழுவில் பாடும் ஜெனி "நடுக்கட்டை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பி. அக்கா அதற்குப் பிறகு குழுவுக்கு வரவில்லை.

மாசி 12, வியாழன்

வெயில். கறிக்கு முருங்கைக்காய்.

அந்த ஒத்திகையை ரெக்கோட் பண்ணி வைத்திருந்தேன். தேடி எடுத்தேன். போனில் சுருதிப்பெட்டி அப்பை மெதுவாக ஓடவிட்டு, அதோடு பி. அக்கா தனியே படித்த அடியை மட்டும் கேட்டேன். ஆறு தரம். ஒரு இடத்திலும் பிசகவில்லை. அந்த மூன்றாவது சுரம், நான் குற்றம் பிடித்த சுரம், கட்டையைவிட ஒரு மயிரிழை கீழே. அந்த மயிரிழையில்தான் அழுகையே இருக்கிறது. அது எனக்கு அன்றைக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். நிறுத்த மறந்து மிச்சமும் ஓடிவிட்டது. "இது நடுக்கட்டை!" என்று ஒரு குரல். ஜெனியின் குரல் அல்ல, என்னுடையது. முதல் சிரிப்பும் என்னுடையதுதான். ஒரு வருடமாக அந்தப் பெயரை ஜெனியின் தலையில் கட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். அதுதான் இன்னும் வெட்கம்.

மாசி 13, வெள்ளி

தண்ணீரூற்றில் முன்பள்ளிக் கூட்டம். படிவம் நிரப்பினோம், பணிஸ் தந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பின் சீட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"அடுத்தது நடுக்கட்டை! நடுக்கட்டை இறங்கிறாக்கள் இறங்குங்கோ!"

கட்டை என்றால் எங்கள் பக்கம் மைல்கல்லும்தான். மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று பஸ் நிற்கிற ஊரில் இந்தப் பகிடிக்குக் கேட்கவா வேண்டும். திரும்பிப் பார்த்தேன். பி. அக்காவின் மகள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். எனக்கு வணக்கம் சொன்னாள். "ரீச்சர், இருங்கோ" என்று எழும்பி இடமும் தந்தாள்.

இருந்தேன். நிலம் பிளந்து விழுங்கியிருந்தால் நல்லது.

மாசி 14, சனி

பி. அக்கா கருவாடு போடும் வாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். போகிற வழியெல்லாம் வசனம் சொல்லிப் பார்த்தேன். பாயில் மீன் பரப்பிக்கொண்டு நின்றார், நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ரீச்சர்?"

"கருவாடு இருக்கோ அக்கா?"

வாயிலிருந்து வந்தது அதுதான். அரைக் கிலோ கட்டாக் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தேன். என் மனுசன் அன்ரன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கடலுக்குப் போறவன்ர வீட்டில கருவாடு காசு குடுத்து வாங்கிறதோ? ஊர் சிரிக்கப் போகுதப்பா" என்றார். சிரிக்கட்டும். இந்தமுறை என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

மாசி 15, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஒத்திகை. பன்னிரண்டு பேர். கீபோர்டைத் திறக்காமல் எழும்பி நின்று சொல்லிவிட்டேன். முதலில் கன்னியாஸ்திரிமார் கதை பொய், நான் போனில் இலவசமாகப் பார்த்துப் படிக்கிறேன் என்பது. பிறகு பி. அக்கா படித்தது சரி, பிழை என் காதில் என்பது. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான் என்பது.

பிறகு ஜெனி:

"அவா சரியாத்தான் படிச்சவா எண்டு எங்களுக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர்."

"பிறகேன் சிரிச்சனீங்கள்?"

"நீங்கள் சிரிச்சீங்கள். நாங்களும் சிரிச்சம்."

வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கினேன். அழுகை வந்தது. என்றாலும் பாதிப் பாரம் இறங்கினமாதிரி. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எத்தனை பேர் இப்படி எழும்பி நின்று சொல்லுவார்கள் என்று ஒரு எண்ணம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாசி 17, செவ்வாய்

நாளை விபூதிப் புதன். பாட்டுப் பட்டியல் சுவாமியிடம் கொடுத்தாயிற்று. பெரிய வெள்ளி பசாமுக்கு எதிரே பி. அக்காவின் பெயரைப் போட்டேன், அவரைக் கேட்காமலே.

முன்பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்கு. இந்தமுறை கருவாடு கேட்கவில்லை. குசினி வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். குழுவுக்கு முன்னால் சொன்னதையும் சொன்னேன்.

"கேள்விப்பட்டனான்" என்றார். கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ."

"அக்கா, இந்தமுறை நீங்கள்தான் பசாம் படிக்கவேணும். கீபோர்ட் வேண்டாம். நான் தொடமாட்டன். நீங்கள் படிக்கிறபடியே படியுங்கோ."

அவர் கேத்திலை அடுப்பில் வைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கதைத்தார். கோபமாக இல்லை. மீன் விலை சொல்கிறமாதிரித்தான்.

"ஐப்பசியில அம்மா போனவா, தெரியும்தானே. நீங்களும் செத்தவீட்டுக்கு வந்தனீங்கள்."

"ஓம் அக்கா."

"கடைசி நாள், படி பிள்ளை எண்டவா. அவா சொல்லித்தந்த பசாமைத்தான் கேட்டவா. எனக்குத் தொண்டை வரேல்லை. சாகிற மனுசிக்கு முன்னால நடுக்கட்டையில நிண்டிடுவனோ எண்டு பயம். போனில போட்டுவிட்டன்."

"என்னத்தை அக்கா?"

"உங்கட குழு பாடினதைத்தான். நெட்டில ஏத்தி விட்டிருக்கிறியளே, உங்கட கீபோர்டோட. இடையில விளம்பரமும் வந்தது, ஏதோ சவர்க்காரம். எனக்கு அதை நிப்பாட்டத் தெரியேல்லை. அம்மா அதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தவா."

கேத்தில் கொதித்தது. இறக்கினார்.

"நீங்கள் சொன்னது நல்லது ரீச்சர். நான் கோவிக்கேல்லை. ஆனா இனி ஆருக்குப் படிக்கிறது?"

தேநீர் தந்தார். குடித்தேன்.